பதினோரு கிலோமீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டி.வி.யில் கால்பந்து பார்க்கிற அன்பர்கள் கவனித்திருப்பீர்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் திரையின் கீழே ஒரு பட்டை வரும். இன்ன ஆட்டக்காரர் இன்று ஓடிய தூரம் 10.8 கிலோமீட்டர் என்று அதில் போடுவார்கள். வர்ணனையாளர் மெய்சிலிர்த்துப் போவார். என்னோடு உட்கார்ந்து பார்க்கிற ரிட்டயர்டு நண்பர்களும், "கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வரைக்கும் கிட்டத்தட்ட ஓடியே வந்துட்டான்யா" என்று வியப்பார்கள்.

அந்த எண் கிட்டத்தட்ட எதற்கும் உதவாது என்பது என் கட்சி. உதவாமல் சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கெடுதலும் செய்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10.8 கிலோமீட்டரை 90 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 120 மீட்டர் வரும். மணிக்கு 7.2 கிலோமீட்டர். இது தொந்தி வைத்த என் மருமகன் காலையில் ஏரிக்கரையில் ஓடுகிற வேகம். இதற்கா ஒரு வாலிபன் தரையில் விழுந்து மூச்சு வாங்குகிறான்? இதற்கா பின்தொடை நரம்பு இழுத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போகிறான்? இல்லை. அவனை வீழ்த்தியது அந்த 90 நிமிடத்துக்குள் ஒளிந்திருந்த ஏதோ ஓரிரு நிமிடம். சராசரி போட்டால் அந்த நிமிடம் காணாமல் போய்விடும்.

சராசரி மீது எனக்குப் பழைய பகை உண்டு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அங்கே எல்லாப் பாடத்துக்கும் இருபதுக்கு மார்க். வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி வகுத்து 'முவாயென்' என்று ஒன்று எடுப்பார்கள். சராசரி என்று அர்த்தம். இருபதுக்குப் பத்து வந்தால் பையன் தேறினான். டிக்தே எழுதுவதில் 18 வாங்கிய என் பெஞ்சுத் தோழன் கணக்கில் 2 வாங்கினான். சராசரி பத்து, ஆகவே அடுத்த வகுப்பு. அவனுக்குக் கூட்டல் வராது என்பது வீட்டில் தெரிந்தபோது அவன் மளிகைக் கடை கல்லாவில் உட்கார்ந்திருந்தான்.

பிறகு நான் தேர்வு எழுதித் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு வந்தேன். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர். தமிழில் ஃபைல் எழுதக் கற்றுக்கொண்டதே தாலுகா ஆபீஸில்தான். அப்போது என் மேஜைக்கு வந்த வேலைகளில் ஒன்று மழைக் கணக்கு. காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து, முந்தின நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரை பெய்த மழை இத்தனை மில்லிமீட்டர் என்று மேலே அனுப்ப வேண்டும். இன்றைக்கும் வானிலைத் துறையின் நாள் எட்டரைக்குத்தான் தொடங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கால்பந்து விஷயம் எனக்குச் சட்டென்று விளங்கியதே இதனால்தான், ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். விடியற்காலை ஆறரைக்குப் பிடித்த மழை பத்தரை வரை கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்கு முன்னால் 40 மில்லிமீட்டர், பின்னால் 40. நாலு மணி நேரத்தில் 80 மில்லிமீட்டர். தெருவில் முழங்கால் தண்ணீர். ஆனால் பதிவேட்டில் என்ன ஏறும்? நேற்று 40, இன்று 40. கனமழை என்று எழுத 64.5 மில்லிமீட்டர் வேண்டும், ஆகவே இரண்டு நாளும் கனமழை இல்லை. குடிசைக்குள் தண்ணீர் புகுந்தவன் மனுவோடு நிற்பான். பதிவேடு அவனைப் பொய்யன் என்று சொல்லும். அவன் பொய் சொல்லவில்லை, மழையும் பொய் சொல்லவில்லை. எட்டரை மணி என்று நாம் கிழித்த கோடுதான் மழையை இரண்டாக வெட்டியது.

2015 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த வருஷத்து மொத்த மழையை 365 நாளால் வகுத்து, தினசரி இவ்வளவுதானே என்று எந்த அதிகாரியாவது சொல்லியிருந்தால் ஜனங்கள் சும்மா விட்டிருப்பார்களா? ஆட்டக்காரன் விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்கிறோம், கைதட்டவும் செய்கிறோம்.

இனி மைதானத்துக்கு வருகிறேன். இன்று பெரிய அணிகளின் ஆட்டக்காரர்கள் பனியனுக்குள் ஒரு கச்சை அணிகிறார்கள். முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்று அதில் இருக்கும். ஆள் எங்கே இருக்கிறான் என்பதைச் செயற்கைக்கோள் மூலம் விநாடிக்குப் பத்து முறை குறித்துக்கொள்ளும். அதனுள்ளேயே வேகம் கூடுவதையும் குறைவதையும் உணர்கிற உறுப்பும் உண்டு. 2015இல் இருந்து போட்டிகளிலும் இதை அணிந்து ஆடலாம் என்று உலகக் கால்பந்துச் சம்மேளனம் அனுமதித்தது. நம் ஐ.எஸ்.எல். அணிகளும் இந்தக் கச்சை கட்டித்தான் பயிற்சி எடுக்கின்றன.

இந்தக் கருவி தருகிற கணக்கை உடல்பயிற்சி அறிஞர்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஆட்டம் முழுவதற்கும் சராசரி நிமிடத்துக்கு 110, 120 மீட்டர். ஆனால் அதே ஆட்டக்காரனின் மிகக் கடுமையான ஒரு நிமிடத்தை மட்டும் தேடி எடுத்தால் 180, 190 மீட்டர் வரை வருகிறது. மிகக் கடுமையான ஐந்து நிமிடம் என்று எடுத்தால் நிமிடத்துக்கு 135க்கு அக்கம்பக்கம். பத்து நிமிடம் என்றால் இன்னும் இறங்கும். எடுத்துக்கொள்கிற நேரம் குறையக் குறைய உச்சம் ஏறிக்கொண்டே போகும்.

190 மீட்டர் என்ன பிரமாதம், மாரத்தான் ஓடுகிறவன் நிமிடத்துக்கு 300 மீட்டருக்கு மேல் ஓடுகிறானே என்று கேட்பீர்கள். அவன் நேராக, ஒரே வேகத்தில் ஓடுகிறான். கால்பந்துக்காரன் அந்த ஒரு நிமிடத்துக்குள் நாலு முறை நின்ற இடத்திலிருந்து பாய்கிறான், மூன்று முறை பிரேக் போட்டு நிற்கிறான், பின்பக்கமாக ஓடுகிறான், எம்பித் தலையால் முட்டுகிறான், இடையில் ஒருவன் தோளால் இடிக்கிறான். மீட்டர் கணக்கில் இதெல்லாம் சின்ன எண். தொடைக்கும் மூட்டுக்கும் சின்னதல்ல. நம் ஊர் டவுன் பஸ் டிரைவரைக் கேளுங்கள், ஹைவேயில் நூறு கிலோமீட்டர் ஓட்டுவது சிரமமா, பஜார் தெருவில் மூன்று கிலோமீட்டர் ஓட்டுவது சிரமமா என்று.

இங்கேதான் அந்த எட்டரை மணிக் கோடு மறுபடி வருகிறது. முதலில் ஆராய்ந்தவர்கள் ஆட்டத்தை ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டினார்கள். 0 முதல் 5, 5 முதல் 10, இப்படி. அதில் எந்தத் துண்டு பெரியதோ அதுவே உச்சம் என்றார்கள். ஆனால் ஆட்டக்காரன் பன்னிரண்டரை நிமிடத்திலிருந்து பதினேழரை வரை உயிரைக் கொடுத்து ஓடியிருந்தால்? 15ஆவது நிமிடக் கோடு அதை இரண்டாக வெட்டிவிடும். பாதி இந்தத் துண்டில், பாதி அடுத்ததில். இரண்டிலும் உச்சம் தெரியாது. அதனால் பிறகு வந்தவர்கள் கோட்டையே நகர்த்தினார்கள். ஒவ்வொரு விநாடியிலிருந்தும் ஒரு ஐந்து நிமிடத்தைத் தொடங்கி, அத்தனையிலும் பெரியதைத் தேடினார்கள். வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. வெட்டிய துண்டுகளில் பார்த்தால் வேக ஓட்டத்தின் உச்சம் கால் பங்கு வரை குறைந்து தெரிகிறது என்று கண்டார்கள். நான் தாலுகா ஆபீஸில் இருந்தபோது இந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லையே என்று இதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது.

இன்னொன்றும் கண்டிருக்கிறார்கள். ஆட்டக்காரனின் மிகக் கடுமையான ஐந்து நிமிடத்துக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில் அவனது வேக ஓட்டம் அவனுடைய சொந்தச் சராசரிக்கும் கீழே போய்விடுகிறது. கடன் வாங்கிச் செலவழித்தவன் அடுத்த மாதம் கையைப் பிசைவது மாதிரி. டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் நாம் அந்த நேரம் பார்த்துத்தான் "நடக்கிறான் பார், சம்பளம் வாங்கறான்ல" என்று திட்டுகிறோம்.

இதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். சொல்கிறேன்.

நம் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானங்களில் காலையில் போய்ப் பாருங்கள். பயிற்சி என்றால் "கிரவுண்டைப் பத்து சுத்து சுத்திட்டு வாங்கடா". பையன்கள் வரிசையாக ஒரே வேகத்தில் சுற்றுவார்கள். இது சராசரிக்கான பயிற்சி. பையன் 7 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடப் பழகிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை போட்டியில் அந்தக் கடுமையான நிமிடம் வரும்போது அவன் உடம்பு அதற்கு முன் அப்படி ஒரு நிமிடத்தைப் பார்த்ததே இருக்காது. பின்தொடைத் தசை கிழியும். கால்பந்தில் அதிகம் வருகிற தசைக் காயமே அதுதான். ஐரோப்பாவில் கிழிந்தால் கிளப் பார்த்துக்கொள்ளும். இங்கே கிழிந்தால் அம்மா எண்ணெய் தடவுவாள், பையன் இரண்டு மாதம் கம்பெனிக்குப் போக முடியாது, கான்ட்ராக்டர் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்.

கம்பெனி என்றதும் ஒன்று நினைவு வருகிறது. என் தங்கை மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி போடுகிற ஆலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். ஒருநாள் கரண்ட் பில்லைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் யூனிட் கணக்கைக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"மாமா, யூனிட்டை மட்டும் பார்த்தா எங்க பில்லு புரியாது. மாசம் பூரா எவ்ளோ கரண்ட் ஓடுச்சுங்கிறது ஒரு கணக்கு. அந்த மாசத்துல எந்த நேரத்துல அதிகபட்சமா இழுத்தோம்ங்கிறது வேற கணக்கு. மேக்ஸிமம் டிமாண்டுன்னு பேரு. அதுக்குத் தனியா காசு கட்டணும்."

"ஒரே ஒரு தடவை அதிகமா இழுத்தா?"

"ஒரு தடவை போதும். இருபத்தொன்பது நாள் ஒழுங்கா இருந்துட்டு ஒரு நாள் எல்லாத்தையும் ஒண்ணா போட்டுட்டா அந்த மாசத்துக்கே அதுதான் மாமா கணக்கு. வாங்கின அளவைத் தாண்டிட்டா அபராதம் வேற."

அதனால் ஒரு ஃபர்னஸ் ஏறும்போது இன்னொன்றை நிறுத்திவைக்க ஆள் போட்டிருக்கிறார்களாம். டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதும் சராசரிக்கு அல்ல, உச்சத்துக்கு. ஆக, இரும்பு உருக்குகிற ஃபர்னஸுக்கு உச்சம் என்று ஒன்று உண்டு என்பது அந்தத் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு முதலாளிக்கும் தெரியும். தெரியாமல் இருந்தால் பில் சொல்லிக்கொடுத்துவிடும். அதே ஆலையில் வேலை செய்கிற பையன் கம்பெனி பனியனைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பந்து ஆடும்போது அவனுக்கும் உச்சம் உண்டு என்பது தெரிவதில்லை. பில் வராதல்லவா.

சென்ற மே மாதம் எங்கள் பக்கம் ஓர் ஊரில் செவன்ஸ் போட்டி நடந்தது. ஊர் பெயர் வேண்டாம், நடத்தியவர்களும் கெட்டவர்கள் அல்ல. கோப்பை, ரொக்கப் பரிசு, ஸ்பீக்கர் செட், பிரியாணி எல்லாம் இருந்தது. பதினாறு அணிகள், ஒரே நாளில் நாக் அவுட். ஆட்டத்துக்கு அரை மணிக்கும் குறைவு. காலை எட்டுக்குத் தொடக்கம், மாலை நாலுக்குள் ஃபைனல், ஏனென்றால் பரிசு கொடுக்க வருகிறவருக்கு ஐந்து மணிக்கு வேறு விழா. ஜெயித்துக்கொண்டே வருகிற அணி அன்று நாலு ஆட்டம் ஆட வேண்டும்.

மூன்றாவது ஆட்டம் மதியம் ஒன்றரைக்கு. கம்பெனி அணி ஒன்றில் ஒரு பையன், இருபது வயதிருக்கும், முந்தின இரவு நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவன் என்று பின்னால் தெரிந்தது. எதிரணி கார்னர் எடுத்தது. இவன் கோல் வரை இறங்கித் தடுத்தான். பந்து கிடைத்ததும் அந்தக் கோடிவரை பாய்ந்தான். பந்து பறிபோனது, திரும்பி ஓடிவந்தான். மறுபடி கார்னர், மறுபடி பாய்ச்சல். எல்லாம் சேர்ந்து ஒன்றரை நிமிடம் இருக்கும். பிறகு நடு மைதானத்தில் உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான். அந்த வெயிலில் அவனுக்குக் குளிர் நடுக்கம். பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

தலையில் தண்ணீர் ஊற்றி, ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளையாகச் சாயங்காலம் தெளிந்துவிட்டான். நான் நடத்தியவரிடம் போய்ப் பேசினேன். அவர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. "மூணு மேட்சையும் கூட்டினாலே ஒரு மணி நேரம்தான் சார் ஆடியிருக்கான். டி.வி.யில தொண்ணூறு நிமிஷம் ஆடறாங்க, பதினோரு கிலோமீட்டர் ஓடறாங்க. இவன் அஞ்சு கிலோமீட்டர்கூட ஓடியிருக்க மாட்டான்."

பார்த்தீர்களா, அந்த எண் எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்தது என்று! டி.வி.யில் அலங்காரத்துக்குப் போட்ட மொத்தம், இங்கே ஒரு பையனை மதிய வெயிலில் இறக்குவதற்கு நியாயமாக நிற்கிறது. சின்ன மைதானத்தில் ஆளுக்கு ஆள் மோதி ஆடுகிற செவன்ஸில் மூச்சு விடுகிற இடைவெளி குறைவு. ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த உச்ச நிமிடம் ஒன்று புதிதாக வரும். நடுவில் உட்கார்ந்து எழுந்தால் தசை விறைத்திருக்கும். ஒரு ஆட்டத்தை நாலாக வெட்டினால் சுமையும் நாலில் ஒன்று என்பது மளிகைக் கணக்கு.

வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.எல். ஆட்டம் நேரு ஸ்டேடியத்தில் இரவு ஏழரைக்கு, விளக்கொளியில். இங்கே விளக்கு கிடையாது, ஆகவே வெயில். பெரிய போட்டிகளில் வெப்பம், ஈரப்பதம், நேர் வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக அளக்கிறார்கள். அது 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தை மூன்று நிமிடம் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வைக்கலாம் என்று ஏற்பாடு. 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்தும் மெக்ஸிகோவும் ஃபோர்தலேசா நகரில் ஆடியபோது அப்படித்தான் நிறுத்தினார்கள். 2026 உலகக் கோப்பைக்கு ஒரு படி மேலே போய், வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடம் தண்ணீருக்கு என்று அறிவித்தார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற, டாக்டர் பக்கத்திலேயே இருக்கிற ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவு! கடற்காற்றின் புழுக்கத்தோடு சேர்ந்த நம் மே மாத மதியம் அந்த 32ஐத் தொட அதிகம் சிரமப்படாது. அங்கே ஆடுகிறவனுக்கு இடைவேளையில் பாக்கெட் தண்ணீர் ஒன்று.

என் வயதுக்காரர்கள் இந்த இடத்தில் என்னை மறிப்பார்கள் என்று தெரியும். "நாங்க வெறுங்காலோட ஆடலியா? எங்களுக்கு என்ன ஆச்சு?" பால்ய நண்பர் ஒருவர் போனிலேயே சொல்லிவிட்டார், "இந்தக் காலத்துப் பசங்க ஒடம்பு பிராய்லர் கோழி" என்று.

ஐயா, அந்தக் காலத்தில் நம் நாட்டுப் போட்டிகள் 70 நிமிடம்தான் நடந்தன என்பதை மறந்துவிட்டீர்கள். அதன் விலை என்ன என்பதற்கு ஒரு ஆட்டம் உண்டு. 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக். இந்தியாவும் பிரான்ஸும். நம்மவர்களில் பலர் வெறுங்கால். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் வருஷத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டார், அவருக்கு அதில் ஒரு குஷி. நாம் இரண்டு பெனால்டி கோட்டைவிட்டோம். சாரங்கபாணி ராமன் கோல் போட்டுச் சமன் செய்தார். பிரான்ஸின் இரண்டாவது கோல் விழுந்தது எப்போது தெரியுமா? 89ஆவது நிமிடத்தில். 2-1. எழுபது நிமிடத்துக்குப் பழகிய கால்கள் அந்த நேரத்தில் என்ன பாடுபட்டிருக்கும் என்று அன்றைக்கு அளக்கக் கருவி இல்லை. நான் ஊகிக்கத்தான் முடியும், ஆனாலும் என் ஊகத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த அணியின் வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெறுங்காலோடு பிரான்ஸைக் கடைசி நிமிடம் வரை தண்ணீர் குடிக்க வைத்தவர்கள். "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பதை மட்டும்தான் மறுக்கிறேன். ஆனவர்கள் இன்று இந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேச வரவில்லை, அவ்வளவே.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கச்சை கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்கள். அவர்களையும் விடுவதாக இல்லை.

முதலாவது, உச்ச நிமிடம் ஆட்டக்காரனின் உடம்பில் எழுதியிருப்பது அல்ல. பந்து எங்கே போகிறது, எதிரணி எப்படி ஆடுகிறது, எத்தனை நேரம் பந்து வெளியே போகாமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 90 நிமிடத்தில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பதே ஒரு மணி நேரத்துக்குள்தான். இந்த வாரம் 190 மீட்டர் வந்தவனுக்கு அடுத்த வாரம் 165 வரலாம். அவன் சோம்பேறியாகிவிட்டான் என்று அர்த்தமல்ல. தூரத்தின் உச்சம் ஒரு நிமிடத்தில் வரும், வேக ஓட்டத்தின் உச்சம் வேறு நிமிடத்தில், திடீர்ப் பாய்ச்சல்களின் உச்சம் இன்னொன்றில். மூன்றையும் கூட்டி "இதுதான் மிகக் கடினமான நிமிடம்" என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் அது பழைய முவாயென் புது வேஷத்தில் வந்தது மாதிரி.

இரண்டாவது, மணிக்கு 19.8 கிலோமீட்டரைத் தாண்டினால் வேக ஓட்டம், 25.2ஐத் தாண்டினால் ஸ்பிரின்ட் என்று ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தொழில்முறை ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய கோடு. வியாசர்பாடியில், மினி பிரேசில் என்று நாம் பெருமையாகச் சொல்கிற அந்த ஊரில், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் முழு பலத்தையும் கொடுத்து 19 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் கருவி அதை வேக ஓட்டமாகவே எண்ணாது. அவளுக்கு அது உச்சம், கருவிக்கு அது சும்மா. மழைக்கு 64.5 வைத்த மாதிரிதான்.

மூன்றாவது, கச்சை காலைப் பார்க்கும், இதயத்தின் உள்ளே பார்க்காது. 2003 ஜூன் 26 அன்று லியோன் நகரில் கேமரூன் ஆட்டக்காரர் மார்க்-விவியன் ஃபோயே, கொலம்பியாவுடன் ஆடிக்கொண்டிருந்தபோது 72ஆவது நிமிடத்தில், பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனார். 28 வயது. இதயத் தசை தடித்துப்போகிற பிறவிக் கோளாறு என்று பின்னால் சொன்னார்கள். எத்தனை மீட்டர் ஓடினார் என்று அளந்திருந்தாலும் அது தெரிந்திருக்காது, முன்கூட்டியே நல்ல இதயப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. 2021இல் கோபன்ஹேகனில் டென்மார்க் ஆட்டக்காரர் எரிக்சன் அதேபோல விழுந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுக்கும் கருவி வைத்து மீட்டார்கள். இன்று உயிரோடு இருக்கிறார், மறுபடி ஆடவும் செய்தார். ஆகவே கச்சை வாங்கக் காசு வைத்திருக்கிற கிளப்புகள் முதலில் இதற்குச் செலவழித்துவிட்டுப் பிறகு அதற்கு வரட்டும்.

கடைசியாக, அளந்த கணக்கு யாருடையது? ஆட்டக்காரனின் உடம்பை அளந்துவிட்டு அவனிடமே காட்டாமல், அடுத்த ஒப்பந்தத்தில் சம்பளம் குறைக்க அதை எடுத்துவைத்துப் பேசினால் அதற்குப் பெயர் விஞ்ஞானமா? அரசு ஊழியனுக்குக்கூட அவனுடைய சர்வீஸ் ரிஜிஸ்டரைப் பார்க்க உரிமை உண்டு.

சரி, கச்சை இல்லாத நம் ஊரில் என்ன செய்வது? நான் ஒரு காரியம் செய்து பார்த்தேன். அந்த மே மாதப் போட்டிக்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு வேறு வேறு ஆட்டங்களுக்குப் போனேன். ஒரே ஒரு ஆட்டக்காரனை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்தேன். பதினைந்து விநாடிக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அவன் முழு வேகத்தில் எத்தனை முறை பாய்ந்தான் என்று கோடு போட்டேன். வீட்டுக்கு வந்து அடுத்தடுத்த நாலு கட்டங்களைக் கூட்டினேன், பிறகு ஒரு கட்டம் நகர்த்தி மறுபடி கூட்டினேன். பழைய ஜமாபந்திக் கணக்கைவிட இது சுலபம். ஆட்டம் முழுவதற்கும் சராசரி நிமிடத்துக்கு ஒரு பாய்ச்சல்கூட வரவில்லை. ஆனால் ஒரு நிமிடத்தில் ஆறு இருந்தது. அந்த ஆறுக்குப் பிறகு நாலு நிமிடம் என் நோட்டில் வெறும் காலிக் கட்டம். இதை எந்த உடற்பயிற்சி ஆசிரியரும், ஆட்டத்தில் இல்லாத எந்தப் பையனும் செய்யலாம். செல்போனில் படம் எடுத்து நிதானமாகப் பார்த்து எண்ணினால் இன்னும் நன்று. எண்ணின பிறகு, "பத்து சுத்து" என்பதை விட்டுவிட்டு, நன்றாக உடம்பைச் சூடாக்கி, ஒரு நிமிடம் ஆறு பாய்ச்சல், மூன்று நிமிடம் நடை, மறுபடி ஒரு நிமிடம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு நான் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்துக்கு மேல் மாலை நாலரை வரை பந்து உருளக்கூடாது. ஒரு அணிக்கு ஒரு நாளில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் கூடாது, அணி அதிகமானால் போட்டியை இரண்டு ஞாயிறாகப் பிரித்துக்கொள்ளட்டும். பாதி ஆட்டத்திலும் நடுவில் தண்ணீர். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கு அன்று ஆட்டம் இல்லை, கம்பெனி கேட்டாலும் இல்லை. பரிசு கொடுக்க வருகிறவருக்கு அவசரமானால் அவர் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டுப் போகலாம்.

மனு கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. பெற்றுக்கொண்டேன் என்று என் நகலில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், பழக்க தோஷம். பதில் இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை முதல் நினைவூட்டு அனுப்புகிறேன்.